அயல்மண்ணில் ஒரு நடுகல்: விமானி இந்திரலால் ராய்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் அக்கல்லில் பொறித்துப் போற்றும் வழக்கம் தமிழர்க்குப் பழையது. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக, அதனை ஆறு நிலைகளாக வகுத்து இலக்கணம் கூறினார் தொல்காப்பியர். ஆநிரை மீட்கச் சென்று மடிந்தவனின் கல்லைப் பாணரும் புலவரும் தொழுது சென்றதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அன்று வீரன் மாண்ட இடமும் அவன் பிறந்த ஊரும் பெரும்பாலும் அருகருகே இருந்தன. கல்லில் எழுதிய மொழியும் அவ்வழியே செல்வோர் அறிந்த மொழியாகவே இருந்தது.

பிரான்சு நாட்டின் வடபகுதியில், பா-து-கலே மாவட்டத்தில், எஸ்தெவெல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பொது இடுகாட்டில் உள்ள ஒரு கல்லறையில், அவ்வூரார்க்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை வங்க எழுத்துகள். அங்கே துயில்பவர் மாவீரர் என்றும், அவ்விடத்தை மதிக்க வேண்டும், தீண்டலாகாது என்றும் அவை வேண்டுகின்றன. அவ்வாறு துயில்பவர் இந்திரலால் ராய். 1918ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் வானில் நடந்த போரில் மாண்டபோது அவருக்கு வயது 19. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பகை விமானங்களை வீழ்த்தியவர்க்கு அக்காலத்தில் 'ஏஸ்' என்ற சிறப்புப் பெயர் வழங்கிற்று. அப்பெயருக்கு உரியவரான முதல் இந்தியர் அவரே.

அவர் கவிஞர் அல்லர். நூலொன்றும் எழுதி வைத்தவர் அல்லர். ஆயினும் மொழியைப் போற்றுவோர் அவர் வாழ்வை அறிந்திருத்தல் வேண்டும். மாண்டவரை எந்த மொழி நினைவில் வைக்கும் என்ற கேள்வி அவ்வாழ்வில் அடங்கியிருக்கிறது.

குடியும் அன்னையும்

இந்திரலால் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவர் குடும்பம் இன்று வங்கதேசத்தில் உள்ள பாரிசால் பகுதியின் ஜமீன் குடும்பம். தந்தை பியாரிலால் ராய் வழக்கறிஞர். கல்கத்தாவில் அரசுத் தரப்பு வழக்குகளின் இயக்குநராகப் பணியாற்றியவர். தாய் லலிதா. ஆண் மூவரும் பெண் மூவருமாகப் பிள்ளைகள் அறுவர். அவருள் மூத்த மகன் பரேஷ்லால், அடுத்தவர் இந்திரலால். வீட்டில் அவரை 'லாடி' என்று அழைத்தனர். 1901ஆம் ஆண்டளவில் பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுக் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த மண்ணை விட்டு நீங்கியபோது இந்திரலால் மூன்று வயதுக் குழந்தை.

அன்னை லலிதா தனியே எழுதத்தக்க வரலாறு உடையவர். லண்டனில் வாழ்ந்த இந்திய மாணவர்க்கும் குடும்பங்களுக்கும் துணை நின்ற சங்கமொன்றின் தலைமையை ஏற்றவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி இங்கிலாந்துப் பெண்கள் போராடிய காலம் அது. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி, பல்லாயிரம் பெண்கள் லண்டன் தெருக்களில் வாக்குரிமைப் பேரணி நடத்தினர். அப்பேரணியில் இந்தியப் பெண்களின் சிறு அணி ஒன்று புடவை அணிந்து, யானை உருவம் எழுதிய பதாகையின் கீழ் நடந்தது. அவ்வணியில் முன்னின்றவருள் ஒருவர் லலிதா. போர் மூண்ட பின்னர் இந்தியப் படைவீரர்க்கு நிதி திரட்டும் பணியிலும் அவர் ஈடுபட்டார். ஒரு கையால் உரிமை கேட்டு, மறு கையால் போருக்கு உதவிய அந்த அன்னையின் இல்லத்தில் வளர்ந்த பிள்ளையே இந்திரலால். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளுக்கு வேர் இங்கே இருப்பதாகக் கொள்ளலாம்.

பள்ளியும் பார்வையும்

லண்டன் ஹேமர்ஸ்மித் பகுதியில் அன்று இருந்த செயின்ட் பால் பள்ளியில் அவர் பயின்றார். நானூறு ஆண்டுப் பழைமையுடைய பள்ளி அது. மகாகவி மில்டன் கற்றதும், எட்வர்ட் தாமஸ் என்ற கவிஞர் சிறிது காலம் பயின்றதும் அப்பள்ளியில்தான். இந்திரலால் படிப்பில் தேர்ந்தவர். நீச்சலிலும் ரக்பி விளையாட்டிலும் முன்னின்றவர். ஆக்ஸ்போர்டில் பயில உதவித்தொகை பெற்றிருந்தார் என்றும், இந்திய ஆட்சிப் பணிக்குச் செல்லும் நோக்கம் அவருக்கு இருந்தது என்றும் கூறுவர். அவ்வழியே சென்றிருந்தால் வங்கத்தின் ஏதேனும் ஒரு மாவட்டத்தில் கலெக்டராக அமர்ந்திருப்பார்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. அதன் முழக்கம் தமிழகக் கரையையும் எட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளை எரித்துவிட்டு மறைந்தது. மக்கள் நகரை விட்டு ஓடினர். எவர்க்கும் பிடிபடாத சூரனைக் குறிக்கும் சொல்லாக 'எம்டன்' தமிழில் நிலைத்தது அன்றுமுதல்தான். கடலில் வந்த போருக்கு நாம் ஒரு சொல்லைப் பெற்றோம். வானில் நடந்த போரோ நம் மக்கள் கண்ணில் படாமலே நடந்து முடிந்தது.

மனிதன் இயந்திரத்தில் ஏறிப் பறந்து அப்பொழுது பதினொரு ஆண்டுகள்கூட நிறையவில்லை. ரைட் சகோதரர்களின் முதற் பறப்பு 1903ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது. இன்று லால்பேட்டையிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் விமானம் ஏறுவோர்க்கு அது பேருந்துப் பயணம் போன்றதாகிவிட்டது. அன்றைய விமானமோ மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மெருகெண்ணெய் பூசி, முன்னே ஓர் இயந்திரத்தைப் பொருத்திய கூடு. ஓட்டுபவரின் தலைக்கு மேல் கூரை இல்லை. எரிநெய் தீப்பற்றினால் தப்ப வழியில்லை. உயிர்காக்கும் பாரசூட் போர்விமானிகளுக்கு அன்று ஆங்கிலேயப் படையில் வழங்கப்படவில்லை.

அத்தகைய கூட்டில் ஏறிப் போரிட விரும்பிய இந்திரலாலின் கண்பார்வை குறையுடையதென்று கூறி, ராயல் பிளையிங் கார்ப்ஸ் என்னும் வான்படை முதலில் அவரை ஏற்க மறுத்தது. அவர் தம்மிடமிருந்த மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மீண்டும் சோதனை செய்துகொண்டார் என்றும், அம்மருத்துவரின் சான்றைக் காட்டியே இடம் பெற்றார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் எழுதியுள்ளனர். 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அவர் அப்படையில் சேர்ந்தார். ஐந்து நாள் கழித்து, அவர் பள்ளியில் ஒருகாலத்தில் பயின்ற கவிஞர் எட்வர்ட் தாமஸ், பிரான்சில் அராஸ் போர்க்களத்தில் மாண்டார். அதே அராஸ் வட்டாரத்தின் வானில்தான் இந்திரலாலும் பின்னர்ப் போரிட்டார்.

ஜூலை 5ஆம் நாள் அவருக்கு அதிகாரி நிலை வழங்கப்பட்டது. இதன் அருமையை இன்று உணர்வது கடினம். இந்தியத் தரைப்படையின் போரிடும் பிரிவுகளில் இந்தியர் ஒருவர் எத்துணை ஆண்டு உழைத்தாலும், எத்துணை வீரம் காட்டினாலும், வெள்ளையரான இளநிலை அதிகாரிக்குக் கீழேதான் நின்றாக வேண்டும். மன்னரின் ஆணைபெற்ற அதிகாரி என்ற தகுதி அவருக்கு எட்டாக் கனி. 1917 ஆகஸ்டில்தான் அத்தடை சிறிதளவு தளர்ந்தது. பெல்ஜியப் போர்முனையில் 1914 அக்டோபரில் தன்னந்தனியாக நின்று இயந்திரத் துப்பாக்கியை இயக்கி, விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரரான குதாதாத் கான் சிப்பாயாகவே இருந்தார். இந்நிலையில் வான்படையின் அதிகாரிகளாக நுழைந்த இந்தியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்சு ஓட்டிவிட்டுத் தலைப்பாகையுடன் விமானம் ஓட்டிய சீக்கியர் ஹர்தித் சிங் மாலிக், பகைவர் கையில் சிறைப்பட்ட எரல் சந்தர் சென், 1918 ஜூனில் காயமுற்று மாண்ட பம்பாயைச் சேர்ந்த கிருஷ்ண வெலிங்கர், இவர்களோடு இந்திரலால்.

முதல் இறப்பு

பயிற்சி முடித்த இந்திரலால் 1917 அக்டோபர் 30ஆம் நாள் பிரான்சில் 56ஆம் வான்படைப் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவு அன்று பெரும்புகழ் பெற்றிருந்தது. அதில் பறந்த ஆல்பர்ட் பால் அவ்வாண்டு மே மாதம் மறைந்துவிட்டார். ஜெர்மானிய வீரர் வெர்னர் வோஸை வீழ்த்திய ரைஸ் டேவிட்ஸ் மாண்டது இந்திரலால் வந்து சேர்வதற்கு மூன்று நாள் முன்பு. புதியவர் ஒருவர் வந்தால், அவர் உறங்கும் கட்டில் அண்மையில் மாண்ட ஒருவருடையதாகவே பெரும்பாலும் இருந்த காலம் அது.

அவருக்குத் தரப்பட்ட விமானம் எஸ்.இ.5ஏ வகையைச் சேர்ந்தது. ஒருவர் மட்டுமே அமரத்தக்கது. முன்னே சுழலும் காற்றாடியின் அலகுகளுக்கு இடையே குண்டு பாயுமாறு இயைபு செய்யப்பட்ட விக்கர்ஸ் துப்பாக்கி ஒன்று. மேற்சிறகின் மீது லூயிஸ் துப்பாக்கி ஒன்று. கையால் விமானத்தைச் செலுத்தி, கண்ணால் பகைவரைத் தேடி, விரலால் சுட்டு, துப்பாக்கி சிக்கினால் பறந்துகொண்டே அதனைச் சரிசெய்யவும் வேண்டும். இத்தனையும் ஒருவர் செய்வது.

டிசம்பர் 6ஆம் நாள் இந்திரலாலின் விமானம் தரையில் மோதி நொறுங்கிற்று. நினைவிழந்து கிடந்த அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கு அவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்து பிணவறையில் கிடத்தினர் என்றும், இரவில் நினைவு மீண்ட அவர் பூட்டிய கதவைத் தட்டி, தமக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சு மொழியில் கூவினார் என்றும், பிணம் எழுந்துவிட்டதென அஞ்சிய பணியாளர் கதவைத் திறக்கத் தயங்கினர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், காயம் கொடியது. இனிப் பறக்கத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு அவரைத் தரையில் நிறுத்திவிட்டது.

இங்கே அவர் வாழ்வில் இரு வழிகள் திறந்தன. கௌரவத்திற்கு ஒரு குறையுமின்றி அவர் ஒதுங்கியிருக்கலாம். காயமுற்ற அதிகாரி என்ற பெயருடன் கல்லூரிக்குச் சென்றிருக்கலாம். அவரைக் கோழை என்று சொல்ல எவர்க்கும் நா எழுந்திராது. உடல் தேறிவந்த மாதங்களில் அவர் கரிக்கோலெடுத்து விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். வானில் நிகழும் போர்க்காட்சிகள், திரும்பும் சிறகுகள், தாழ்ந்து வீழும் கூடுகள் எனத் தாள் தாளாக வரைந்தார். அப்படங்களுள் பல இன்றும் எஞ்சியுள்ளன. அவர் கைப்பட விட்டுச்சென்ற இலக்கியம் என்று எதையேனும் சொல்ல வேண்டுமாயின், அப்படங்களைத்தான் சொல்ல வேண்டும். வரைந்துகொண்டே மேலிடத்தாரை விடாது வேண்டினார். இறுதியில் மருத்துவர் இசைந்தனர். ஒருமுறை சாவின் வாயிலிலிருந்து மீண்டவர், எதிரே இருப்பது இன்னதென்று நன்கு அறிந்தே இரண்டாம் முறை புறப்பட்டார்.

இரண்டு வாரங்கள்

1918 ஜூனில் அவர் 40ஆம் வான்படைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். இதற்கிடையில் ஏப்ரல் முதல் நாள் வான்படையின் பெயர் ராயல் ஏர் ஃபோர்ஸ் என மாறியிருந்தது. அங்கு அவர்க்குத் தலைவராக வாய்த்தவர் கேப்டன் ஜார்ஜ் மக்எல்ராய். டப்ளின் நகரில் பிறந்த ஐரிஷ்காரர். 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சியின்போது தம் நாட்டார் மீது சுட மறுத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆங்கிலேயரின் ஆட்சிக்குட்பட்ட இரு நாடுகளின் பிள்ளைகள், ஆங்கிலேயரின் கொடிக்காக, பிரெஞ்சு வானில், ஒருவர் சிறகை ஒருவர் காத்துப் பறந்தனர். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு முரணான கோலங்களை வரைந்து வைக்கிறது.

மக்எல்ராய் நல்லாசான். உயரத்தில் காத்திருப்பது, கதிரவனைப் பின்னே வைத்து இறங்குவது, மிக நெருங்கும் வரை சுடாதிருப்பது ஆகியவை அக்காலப் போர்விமானிகள் கைக்கொண்ட உத்திகள். முன்பு இளமை வேகத்தில் விமானத்தை நொறுக்கிய இந்திரலால் இப்போது கைதேர்ந்தவராய் வெளிப்பட்டார்.

ஜூலை 6ஆம் நாள் திரோகூர் என்னும் இடத்திற்கு மேலே ஹானோவர் வகை விமானமொன்றை வீழ்த்தினார். இரு நாள் கழித்து, ஜூலை 8ஆம் நாள், நான்கு மணி நேரத்திற்குள் மூன்று. 13ஆம் நாள் இரண்டு. 15ஆம் நாள் இரண்டு. 18ஆம் நாள் ஒன்று. 19ஆம் நாள் கானிகூர் என்னும் இடத்திற்கு மேலே மற்றொன்று. ஆக இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள். அவற்றுள் இரண்டு பிற விமானிகளோடு பகிர்ந்தவை. அவர் பறந்த மொத்த நேரமே 170 மணிக்குச் சற்று மிகுதி.

பத்து என்பது எண். அவர் வீழ்த்தியவற்றுள் சில இருவர் அமரும் விமானங்கள். அவற்றுள் இருந்தோரும் தாய்மார் பெற்ற இளைஞரே. ஜெர்மனியின் ஏதோ ஓர் ஊரில் அவர்க்காகவும் ஒரு வாசல் காத்திருந்திருக்கும். வெற்றிப் பட்டியலை வியக்கும்போது இதனையும் மறவாதிருத்தல் கவிஞர் கடன். பகைவனின் வீழ்ச்சியைப் பாடும்போதே அவன் மனைவியின் கைம்மையையும் பாடியது நம் புறப்பாடல் மரபு.

இறுதிப் பறப்பு

ஜூலை 22ஆம் நாள் இந்திரலால் மீண்டும் பறந்தார். கார்வன் என்னும் ஊரின் வானில், ஜெர்மனியின் 29ஆம் வேட்டைப் பிரிவைச் சேர்ந்த ஃபோக்கர் விமானங்களோடு போர் மூண்டது. அப்போரில் அவர் விமானம் வீழ்ந்தது. அவர் வீழ்ந்தது பகைவர் வசமிருந்த மண்ணில். அருகிலுள்ள எஸ்தெவெல் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரோடு பறந்தோர்க்கும் நெடுநாள் வாய்க்கவில்லை. 56ஆம் பிரிவின் பெயர்பெற்ற வீரர் மக்கடன் அதே ஜூலை 9ஆம் நாள் மாண்டார். முன்பு 40ஆம் பிரிவில் புகழ்பெற்ற மானக் 26ஆம் நாள். இந்திரலாலின் தலைவர் மக்எல்ராய் 31ஆம் நாள். ஒரே திங்களில் ஒரு தலைமுறையே வானிலிருந்து உதிர்ந்தது.

செப்டம்பர் 21ஆம் நாள் அரசிதழில் இந்திரலாலுக்கு டிஸ்டிங்விஷ்டு பிளையிங் கிராஸ் என்னும் விருது அறிவிக்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். விருதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அன்னை லலிதாவுக்கு எஞ்சியவை அப்பதக்கமும் மகன் வரைந்த படங்களும். புறநானூற்றுத் தாய்மாரைக் கற்ற நமக்கு அவரை வீரத்தாய் என்று புகழ்ந்துவிடுவது எளிது. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை சாவிலிருந்து மீண்டு வந்த மகனை மறுபடியும் அனுப்பிவிட்டு, சில வாரங்களிலேயே இழந்த தாயின் உள்ளத்தைப் புகழ்ச்சி ஆற்றிவிடாது. கடல் கடந்த ஊர்களில் உற்றாரை அடக்கம் செய்துவிட்டு, அவ்விடத்தைக் கண்ணால் காணவும் இயலாது வாழும் குடும்பங்கள் அவ்வுள்ளத்தை அறியும்.

தமையன் பரேஷ்லாலும் அப்போரில் படைவீரராகப் பணியாற்றியவர். அவர் உயிருடன் திரும்பி, பின்னர்க் கல்கத்தாவில் குத்துச்சண்டையைப் பரப்பி, இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை எனப் பெயர் பெற்றார்.

எவர்க்கான போர்?

இந்திரலாலைப் போற்றுவோர் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அவர் உயிர் கொடுத்தது இந்தியாவுக்காகவா? நம்மை ஆண்ட அயலாருக்காக மாண்டவரை நம் வீரர் என்பது தகுமா?

இக்கேள்வியை இன்றைய அளவுகோலால் மட்டும் அளத்தல் நேர்மையன்று. 1918ஆம் ஆண்டின் அதே கோடையில் காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்து நடந்து போருக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். பேரரசின் இன்னலில் துணை நின்றால், போர் முடிந்தபின் தன்னாட்சி கிட்டும் என்று அன்றைய தலைவர் பலர் நம்பினர். ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் அப்போரில் பணியாற்றினர். 74,000 பேருக்கு மேல் மாண்டனர். பிரான்சில் எஸ்தெவெலுக்குச் சற்றுத் தொலைவிலேயே உள்ள நவ் ஷாபேல் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நினைவகத்தில், கல்லறையும் வாய்க்காத இந்தியர் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சுக் கொடியின் கீழ்ச் சென்று மாண்ட புதுவை, காரைக்கால் தமிழர்க்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. எழுதப் படிக்க அறியாத உழவர் மக்களே அவருள் மிகப் பலர்.

அவர் நம்பிக்கைக்குக் கிடைத்த மறுமொழியும் நாம் அறிந்ததே. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலாபாக் நிகழ்ந்தது. மே மாத இறுதியில் இரவீந்திரநாத தாகூர் தமக்கு அளிக்கப்பட்ட சர் பட்டத்தைத் துறந்தார். இந்திரலால் உயிருடன் இருந்திருப்பின் அந்நாளில் என்ன எண்ணியிருப்பார் என்பதை எவரும் கூற இயலாது. அவருக்கு அதற்கான வயதே வாய்க்கவில்லை. பத்தொன்பது வயதில் நின்றுபோன ஒருவர் மீது, பின்னே வந்த ஆண்டுகளின் தெளிவை ஏற்றிக் குற்றம் சாட்டுதல் முறையாகாது. பின்னே வந்த பெருமையை ஏற்றிச் சுதந்திர வீரர் ஆக்குதலும் முறையாகாது.

ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம். இந்தியர்க்கு விமானம் ஓட்டும் ஆற்றல் இல்லை, படையை நடத்தும் தகுதி இல்லை என்ற சொல்லை, இந்திரலாலும் அவர்தம் தோழர் சிலரும் வானிலேயே பொய்யாக்கினர். 1932 அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை தோன்றியது. அதன் முதல் அணியில் சேர்ந்த வங்காளியான சுப்ரதோ முகர்ஜி 1954ஆம் ஆண்டு அதன் முதல் இந்தியத் தளபதியானார். எஸ்தெவெல் கல்லறைக்கும் அந்நாளுக்கும் இடையே 36 ஆண்டுகள். விடுதலை பெற்ற இந்தியா, இந்திரலாலின் பிறப்பு நூற்றாண்டான 1998இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளியிட்டது. கல்கத்தாவின் பவானிப்பூர்ப் பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்குகிறது.

கடலூர்ச் சிறையும் எஸ்தெவெல் கல்லும்

இந்திரலால் மாண்ட அதே 1918ஆம் ஆண்டில் நம் பகுதியில் நிகழ்ந்ததொன்றை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்த மகாகவி பாரதியார், போர் ஓய்ந்த ஒன்பதாம் நாள், நவம்பர் 20ஆம் நாள், புதுவையை விட்டு வெளியேறினார். கடலூர் அருகே அவரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் அடைத்தனர். டிசம்பர் 14ஆம் நாள் விடுதலை பெற்றார். ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்த்து நின்று வீழ்ந்த பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடியவரும் அவரே. அதே பகைவரை எதிர்த்துப் போரிட்ட இந்திய இளைஞரை விருது தந்து புகழ்ந்த அரசு, அப்பகைவரின் கொடுமையைப் பாடிய இந்தியக் கவிஞரைச் சிறையிட்டது. ஒருவர்க்குச் சிலுவைப் பதக்கம். ஒருவர்க்கு இரும்புக் கதவு. இரண்டும் வந்தது ஒரே ஆட்சியின் கையிலிருந்து. இவ்விருவரையும் ஒருசேர நினைக்கும்போதுதான் அவ்வாண்டின் முழு உருவம் நமக்குத் தெரிகிறது.

மற்றுமொரு செய்தி. போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, நவம்பர் 4ஆம் நாள், பிரான்சில் வில்ஃபிரட் ஓவன் என்ற இளம் ஆங்கிலக் கவிஞர் மாண்டார். 1920ஆம் ஆண்டு அவருடைய தாய் தாகூருக்குக் கடிதம் எழுதினார். இறுதியாக வீட்டை விட்டுப் புறப்பட்டபோது தம் மகன் தாகூரின் வரிகளைச் சொல்லி விடைபெற்றதையும், மாண்டபின் திரும்பி வந்த குறிப்பேட்டில் அவ்வரிகள் எழுதப்பட்டிருந்ததையும் அதில் தெரிவித்தார். வங்கக் கவிஞரின் சொல் ஆங்கில வீரரின் சட்டைப்பையில் இருந்தது. வங்க வீரரின் கல்லறை பிரெஞ்சு மண்ணில் வங்க எழுத்தைத் தாங்கி நிற்கிறது. படைகள் கடக்க இயலாத எல்லைகளை மொழி கடந்துவிடுகிறது.

மூன்று வயதில் வங்கத்தை நீங்கிய இந்திரலாலின் படிப்பும் படைப்பணியும் ஆங்கிலத்திலேயே கழிந்தன. உயிர் பிரிந்தது பிரெஞ்சு வானில். ஆயினும் இறுதியில் அவரை அடையாளம் காட்ட அவர் உற்றார் தேடி எடுத்தது தாய்மொழியை. அவ்வூரார்க்கு விளங்குமா என்று அவர்கள் எண்ணவில்லை. என்றேனும் ஒருநாள் அவ்வழியே தம் மொழி அறிந்தவர் வருவார், படிப்பார், தலை வணங்குவார் என்று நம்பினர். நடுகல் எழுப்பிய நம் முன்னோர் கொண்டிருந்த நம்பிக்கையும் அதுவே.

கல் தேயும், பதக்கம் கருக்கும். அயல்மண்ணில் மாண்ட தமிழர் எத்தனையோ பேர்க்குத் தம் மொழியில் ஒரு சொல் பொறித்த கல்லும் வாய்க்கவில்லை. அவர் பெயரைத் தேடி எடுத்து, மிகையும் குறையுமின்றி எழுதி வைத்தல், மொழியைப் பேணும் அமைப்புகளின் பணிகளுள் ஒன்று. எஸ்தெவெலில் நிற்கும் அக்கல், வங்க மொழியில் பேசினும், அதனைத்தான் நமக்கும் நினைவூட்டுகிறது.